மழைக்கும் மார்கழிப் பனிக்கும் வீட்டுத் தோட்டத்தை ஆயத்தப்படுத்துவது எப்படி? (பள்ளத்தூர்)

கேள்வி: பள்ளத்தூர் தோட்டக்காரி

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியை அடுத்த பள்ளத்தூரில் எங்கள் அப்பத்தா வாழ்ந்த வீட்டின் பின்கட்டை ஒட்டி ஏறத்தாழ எட்டு சென்ட் தோட்டம் இருக்கிறது. செம்மண் நிலம்; இரண்டடி தோண்டினால் செம்பாறை தட்டுகிறது. குண்டுமல்லிப் புதர்கள், ஒரு முருங்கை, ஒரு எலுமிச்சை, இரண்டு வாழை, ஆடியில் விதைத்துப் பந்தலில் ஏற்றிய அவரை ஆகியவை தரையிலும், கத்தரியும் மிளகாயும் மாடித் தொட்டிகளிலும் உள்ளன. வெளிநாட்டில் இருக்கும் என் நாத்தனார், குளிர்காலம் தொடங்குமுன் செடிகளைத் துணியால் போர்த்தி, தொட்டிகளை வீட்டுக்குள் எடுத்து, எல்லாவற்றையும் ஒட்ட வெட்டிவிட வேண்டும் என்று காணொளிகளாக அனுப்பிக்கொண்டிருக்கிறார். நம் ஊருக்கு அது பொருந்துமா? புரட்டாசி முடிவதற்குள் நான் முதலில் செய்ய வேண்டியது என்ன? மல்லிகையை எப்போது வெட்டுவது? போன மார்கழியில் அவரைப் பிஞ்சு முழுவதும் அசுவினி என்னும் சாறு உறிஞ்சும் சிறுபூச்சி மொய்த்துக் காய் கைக்கு வரவில்லை. அதற்கும் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: புதுவயல் செம்மண்

துணி தேவையில்லை, ஆச்சி. செடியின் உயிரணுக்களில் உள்ள நீர் உறைந்து திசு கிழிந்துவிடும் நாடுகளுக்கான யோசனை அது. தமிழ்நாட்டில் உதகை, கொடைக்கானல் போன்ற மலையூர்களில் உறைபனி விழும். காரைக்குடிப் பக்கம் தை மாதத்து இரவிலும் வெப்பம் 20 பாகை செல்சியசை ஒட்டியே நிற்கும். நம் தோட்டத்துக்கு வரும் சோதனை வேறு. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வேர் தண்ணீரில் நிற்கிறது. மார்கழி பிறந்ததும் மழை ஓய்ந்து, இலைமேல் விடியவிடியப் பனி கிடக்க, அடிமண் மட்டும் வேகமாகக் காய்கிறது. எனவே முதல் பாதிக்கு நீரை வெளியேற்றும் வேலையும், இரண்டாம் பாதிக்கு நீரைப் பிடித்துவைக்கும் வேலையும் இருக்கின்றன.

புரட்டாசியில் முதல் வேலை வாய்க்கால்தான். உங்கள் செம்பாறை தண்ணீரைக் கீழே விடாது என்பதால், மேல்மண் ஊறியதும் பாறைமீது நீர் தேங்கி வேர் மூச்சு முட்டும். மேலே ஈரம் தெரியாமலேயே செடி வாடுவதைக் கண்டு, தண்ணீர் போதவில்லை என்று எண்ணி இன்னும் ஊற்றுபவர்கள் பலர். பாத்திகளை முக்கால் அடி உயர்த்தி, நடுவே சாய்வாக வாய்க்கால் எடுத்து, நீரைத் தோட்டத்தின் தாழ்ந்த மூலைக்குக் கொண்டுபோய்விடுங்கள். ஓட்டுச் சரிவிலிருந்து நீர் விழும் இடத்தில் மண் அரித்துப் பள்ளமாகியிருக்கும். அங்கே செங்கல் துண்டுகளைப் பரப்புங்கள். வளவு எனப்படும் வீட்டு நடுமுற்றத்தின் நீர் வெளியேறும் ஜலதாரை உங்கள் தோட்டத்தில்தான் வந்து திறக்கிறது என்றால், அதன் வாயில் அடைத்திருக்கும் சருகை முதல் மழைக்கு முன்பே அள்ளிவிட வேண்டும். இல்லையெனில் வீட்டு நீர் முழுவதும் பாத்திமேல் பாயும்.

வாழைக்கு மண் அணைத்து, சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுங்கள். முருங்கைக் கிளை காற்றுக்கு எளிதில் முறியும்; கனத்த நீண்ட கிளைகளை மட்டும் குறைத்தால் போதும். தொழுவுரத்தையும் இப்போதே மண்ணில் கலந்துவிடலாம்.

பதில்: தேவகோட்டை மல்லிகை

குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில், அதாவது கார்த்திகை இரண்டாம் வாரத்தை ஒட்டி, தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டிக் கவாத்துச் செய்வது வழக்கம். அதற்குச் சில நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். அடைமழை பெய்துகொண்டிருந்தால் வெயில் முகம் காட்டும்வரை பொறுக்கலாம், ஏனென்றால் ஈரத்தில் வெட்டிய நுனி வழியே காய்தல் நோய் இறங்கும். காய்ந்த, நோயுற்ற, ஒன்றோடொன்று உரசும் குச்சிகளை அடியோடு நீக்கி, புதருக்குப் பத்து கிலோ அளவில் மக்கிய தொழுவுரம் வைத்தால், பனிக்காலம் முழுவதும் ஓய்வில் இருந்து, மாசி பங்குனியில் துளிரும் மொட்டுமாக வரும். மல்லிகையைத் தவிர மற்றவற்றை ஒட்ட வெட்டாதீர்கள். குறிப்பாகக் கறிவேப்பிலை இருந்தால் விட்டுவிடுங்கள். குளிர்ந்த மாதங்களில் அது மெதுவாகவே துளிர்க்கும்.

எலுமிச்சையில் சொறி நோய் கண்ட குச்சிகளை மழைக்கு முன் வெட்டி எரித்து, ஒரு சத போர்டோக் கலவை தெளியுங்கள். லிட்டருக்குப் பத்து கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), பத்து கிராம் சுண்ணாம்பு, மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரத்தில் கலக்க வேண்டும். இரும்பில் கலக்கக் கூடாது.

முருங்கையில் மழைக்குப்பின் கம்பளிப்பூச்சி வரும். பகலில் அடிமரத்தில் திரளாக ஒட்டியிருக்கும் என்பதால் அப்போதே அழிப்பது எளிது. துணி சுற்றிய பந்தத்தைக் காட்டுவது பழைய வழி. பட்டை கருகாமல் விரைவாகக் காட்டி எடுக்க வேண்டும். வீட்டை ஒட்டி மரம் நின்றால் சோப்புக் கரைசலை வேகமாகப் பீய்ச்சுவதே நல்லது. ரோமம் பட்டால் உடம்பு தடித்துவிடும், குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

பள்ளத்தூர் தோட்டக்காரி:

இருவருக்கும் மிக்க நன்றி. மார்கழிக் கோலத்தில் சாணத்தின் மேல் வைக்கப் பரங்கிப்பூ வேண்டும் என்று மாமியார் ஆசைப்படுகிறார். எப்போது விதைத்தால் கிடைக்கும்? அசுவினியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே.

பதில்: கண்டனூர் கொல்லை

முதலில் ஒரு மறுப்பு. உரம் முழுவதையும் புரட்டாசியிலேயே போட்டுவிடச் சொன்ன புதுவயல் அன்பரோடு நான் உடன்படவில்லை. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி இந்த வடகிழக்குப் பருவத்தில்தான் கொட்டுகிறது. செம்மண்ணில் தழைச்சத்து (நைட்ரஜன்) அந்த நீரோடு கரைந்து போய்விடும். பாதியை இப்போது பாத்தி அமைக்கும்போது கலந்து, மீதியைக் கார்த்திகைக் கடைசியில் மழை குறைந்தபின் இடுங்கள். மல்லிகைக்குக் கவாத்தோடு உரம் வைப்பதும் இதே கணக்குத்தான்.

பந்தல் அவரை பகற்பொழுது குறுகினால்தான் பூக்கும்; ஆடியில் விதைத்தது கார்த்திகைவரை வெறும் கொடியாகவே நிற்பதற்கு அதுவே காரணம். பூ எடுக்கும் அதே நாள்களில் குளிர்ச்சியை விரும்பும் அசுவினியும் பெருகுகிறது. தழைச்சத்து மிகுந்த இளந்தண்டு அதற்கு விருந்து, ஆகவே ஐப்பசியில் அவரைக்கு யூரியா வேண்டவே வேண்டாம். முதல் கூட்டம் தெரிந்த அன்றே அந்த நுனியைக் கிள்ளி அழித்துவிட்டு, தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். பிறகு லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது காதி சோப்போடு கலந்து மாலையில், இலையின் அடிப்புறம் நனையத் தெளித்து, வாரம் ஒருமுறை தொடருங்கள். கொடியில் எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள். அசுவினி சுரக்கும் இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காக்கும்.

பரங்கி விதைத்து நாற்பது நாளை ஒட்டிப் பூக்கத் தொடங்கும். மார்கழி முதல் நாள் பூ வேண்டுமானால் ஐப்பசி முதல் வாரத்திலிருந்து, மழை விட்ட இடைவெளியில், மேடான குழியில் ஊன்றுங்கள். தாழ்வான இடத்தில் விதை அழுகும். முதலில் வருபவை ஆண் பூக்களே. அவற்றைக் கோலத்துக்குப் பறிப்பதால் காய்க்கு நட்டமில்லை, மகரந்தத்துக்குச் சிலவற்றைக் கொடியில் விட்டுவைத்தால் போதும். பனியில் இலைமேல் சாம்பல் நோய் வரும்போது கந்தகத் தூள் தூவாதீர்கள், பரங்கி இலை கருகிவிடும். நோய் கண்ட இலையைக் கிள்ளிவிட்டு, காலையில் வேரில் மட்டும் நீர் விடுங்கள்.

தொட்டிகளை வீட்டுக்குள் எடுக்க வேண்டாம்; அடைமழையில் தொட்டிக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்துத் துளை அடைபடாமல் பார்த்தால் போதும். மார்கழியில் மழை ஓய்ந்த உடனே, மண்ணில் ஈரம் இருக்கும்போதே, சருகையோ வைக்கோலையோ நான்கு விரற்கடை கனத்துக்கு மூடாக்காகப் பரப்புங்கள். தண்டை ஒட்டி மட்டும் குவிக்காதீர்கள், கறையான் ஏறும். தோட்டத்தைச் சுத்தம் செய்கிறவர்கள் வேலியோரத்து ஆவாரையையும் சேர்த்து வெட்டிவிடுவது உண்டு. பிள்ளையார் நோன்புக்கு அந்தப் பூ வேண்டும் என்று ஆளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.