எல்லா ஸ்டேவுக்கும் ‘தங்கல்’தானா?

ஐயா, டிக்கெட் ஆப்பைத் தமிழாக்கறப்ப ஸ்டே, லேஓவர், ஸ்டாப்ஓவர், நைட் ஹால்ட்னு எல்லாத்துக்கும் நீங்க சொன்ன ‘தங்கல்’ காதுக்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா எல்லா எடத்துலயும் அதையே ஒட்டினா சிக்கல். லேஓவர்னா அடுத்த பிளைட்டுக்காக ஏர்போர்ட் நாற்காலியில வேற வழியில்லாம உக்காந்திருக்கறது, அதுல பெரும்பாலும் தங்கறதே இல்ல. ஸ்டாப்ஓவர்னா நாமளா விரும்பி நடுவுல ஒரு ஊர்ல எறங்கி சுத்திப் பாத்துட்டுக் கெளம்பறது. வெளிநாட்டுப் பயணத்துல பொதுவா 24 மணி நேரம்தான் எல்லை, அதைத் தாண்டினா ஸ்டாப்ஓவர், டிக்கெட் ரேட்டே மாறிடலாம். அதனால முன்னதுக்கு ‘இடைக்காத்திருப்பு’, பின்னதுக்கு ‘வழித்தங்கல்’ங்கறது என் கட்சி. ‘இடைநிறுத்தம்’ வேணவே வேணாம், வேலையில சஸ்பெண்ட் பண்ணின மாதிரி இருக்கு!

நைட் ஹால்ட்டுக்குப் புதுசா எதுவும் தேட வேணாம். கடைசி டிரிப் வந்ததும் டிரைவரும் கண்டக்டரும் ஊர்லயே படுத்துட்டு விடிகாலைல முதல் டிரிப் எடுப்பாங்களே, அதுக்கு ‘ராத்தங்கல்’ கச்சிதம்.

விசாக் கெடு முடிஞ்சும் கெளம்பாம இருக்கற ஓவர்ஸ்டேக்கு நீங்க சொல்ற ‘மிகைத்தங்கல்’ங்கறதை மட்டும் என்னால ஒத்துக்க முடியல. விருந்தாளி ரெண்டு நாள் கூட டேரா போட்டாலும் அது மிகைதான். விசாவுல விஷயமே கெடுதான். ஒரே விசாவுல போற ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் பக்கம் டூரிஸ்டா போனா எந்த 180 நாளை எடுத்தாலும் அதுல 90 நாள்தான் இருக்கலாம், 91வது நாள் இருந்தா விதிமீறல். அமெரிக்காவுல சட்டவிரோதமா 180 நாளுக்கு மேல இருந்துட்டுக் கெளம்பினா 3 வருஷத்துக்கும், ஒரு வருஷம் ஆயிடுச்சுன்னா 10 வருஷத்துக்கும் பொதுவா திரும்ப உள்ள விடமாட்டாங்க. இதுல ‘மிகை’ன்னு மெதுவா சொன்னா படிக்கிறவருக்கு ஒறைக்காது. ‘கெடு மீறித் தங்கல்’னே போடலாம், நீளமா இருந்தா இருந்துட்டுப் போகட்டும். ‘கெடுமீறல்’னு சுருக்கினா பேங்க் லோன் கட்டாத மாதிரி ஆயிடும்.

ரெசிடென்ஸ் விசாவுக்கு இலங்கைத் தமிழ்ல ‘வதிவிட விசா’ன்னு ஏற்கனவே புழக்கத்துல இருக்கு, நாமளும் அப்படியே எடுத்துக்கலாம். நம்ம பக்கம் ‘உறைவிடம்’ இருக்குதான், ஆனா கேட்டதும் உண்டு உறைவிடப் பள்ளிதான் ஞாபகம் வருது.

அப்புறம் ஓட்டல் புக்கிங் பக்கத்துல ‘தங்கும் நாட்கள்’னு போட்டிருக்கீங்க, ஓட்டல்காரங்க பெரும்பாலும் ராத்திரிக் கணக்குதானே பாக்கறாங்க? அதை ‘தங்கும் இரவுகள்’னு மாத்திடுங்க, இல்லன்னா வெள்ளிக்கிழமை வந்து ஞாயித்துக்கிழமை போறவர் 3ன்னு போட்டு ஒரு ராத்திரிக்குக் கூடவே காசு கட்டிடுவார்.