ஏழு பேர் கொண்ட குடும்பத்துக்குப் பெரிய ஃபோர் வீல் வண்டி: எதை எடுக்கலாம்?

சேர்மாதேவிக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் சேரன்மகாதேவியில் குடியிருக்கிறோம். எனக்கு வேலை பாளையங்கோட்டையில். அப்பா, அம்மா, நாங்கள் இருவர், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள் என ஆறு பேரும் இதுவரை ஒரு சின்னக் காரிலேயே நெருக்கியடித்துக்கொண்டு போய்வந்தோம். தை மாதம் மூன்றாவது குழந்தை பிறக்கவிருப்பதால், இனி அந்தக் காரை வைத்துச் சமாளிக்க முடியாது என்று வீட்டில் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். எடுப்பதுதான் எடுக்கிறோம், ஏழு பேர் உட்காரும் ஃபோர் வீல் டிரைவ் (என்ஜின் சக்தி நான்கு சக்கரத்துக்கும் போகும்) வண்டியாகவே எடுத்துவிடலாமா என்பதுதான் என் கேள்வி.

ஃபோர் வீல் வேண்டும் என்று நினைப்பதற்குக் காரணங்கள் உண்டு. எங்கள் குலதெய்வமான சாஸ்தா கோயில் திசையன்விளைக்கு அப்பால் தேரி என்னும் செம்மணல் காட்டுக்குள் இருக்கிறது. பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோடு போகும்போது கடைசித் தூரம் முழுவதும் செம்மணல்தான்; தார் கிடையாது. களக்காட்டுப் பக்கம் அப்பாவுக்கு ஒரு வாழைத்தோட்டம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அங்கே போகும் வண்டிப்பாதை உழவு வயலாகிவிடும். இவை போக, 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்ததிலிருந்து அப்பா, "எடுத்தால் உயரமான வண்டியாக எடு" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

எல்லாச் செலவும் சேர்த்து 30 லட்சத்துக்குள் முடிக்க வேண்டும். புதிய ஸ்கார்பியோ என் ஃபோர் வீல், எக்ஸ்யூவி 700 ஏ.டபிள்யூ.டி. (ஆல் வீல் டிரைவ்), அல்லது கைமாறிய ஃபார்ச்சூனர் ஃபோர் வீல் ஆகிய மூன்றும் மனதில் இருக்கின்றன. ஓட்டிப் பழகியவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

தேரிமணல்:

தம்பி, எங்கள் பனங்காடு தேரிக்குள்தான் இருக்கிறது என்பதால் மணலைப் பற்றி நான் தைரியமாகச் சொல்லலாம். நீங்கள் ஃபோர் வீல், ஏ.டபிள்யூ.டி. இரண்டையும் ஒரே தட்டில் வைத்திருக்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு. ஸ்கார்பியோ என், ஃபார்ச்சூனர் போன்றவற்றில் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற தனிப்பெட்டி இருக்கும். ஃபோர் வீலைப் போட்டதும் அது முன் அச்சையும் பின் அச்சையும் இறுக்கிப் பிணைத்துவிடும். அதிலேயே உள்ள லோ ரேஞ்ச் என்ற தாழ்ந்த கியரில் போட்டால் சக்கரம் மெதுவாகவும் பலமாகவும் சுற்றும். எக்ஸ்யூவி 700 அடிப்படையில் முன்சக்கரத்தில் ஓடும் வண்டி. சக்கரம் வழுக்கும்போது கிளட்ச் ஒன்று பின்சக்கரத்துக்கும் கொஞ்சம் சக்தியை அனுப்பும். லோ ரேஞ்ச் கிடையாது. மழைச்சாலைக்கும் மலைச்சாலைக்கும் அது மிக நல்லது. ஆனால் ஆழமான மணலில் நெடுநேரம் திணறவிட்டால் அந்தக் கிளட்ச் சூடேறிவிடும்.

பிணைக்கும் வகை ஃபோர் வீலைக் காய்ந்த தார்ச்சாலையில் போட்டு ஓட்டவே கூடாது என்பதையும் சேர்த்தே தெரிந்துகொள்ளுங்கள். வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடச் சற்று அதிக தூரம் உருள வேண்டும். மணலிலும் சேற்றிலும் சக்கரம் லேசாக வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும்; தாரில் வழுக்க இடமில்லாததால் முறுக்கம் முழுவதும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் அச்சுகளிலும்தான் ஏறும். "ஃபோர் வீல் இருந்தால் நான்குவழிச்சாலையில் வண்டி ரோட்டைக் கவ்விப் பிடிக்கும்" என்று யாராவது சொன்னால், அவர் அதைப் போட்டு ஓட்டியதில்லை என்று அர்த்தம்.

இப்போது உங்கள் கோயிலுக்கு வருகிறேன். தேரி என்பது காற்று அடித்துக் குவித்த மணல். மழைக்குப் பின் இறுகிக் கிடக்கும், பங்குனியில் மாவாகப் பொடிந்திருக்கும். அங்கே வண்டியைக் காப்பாற்றுவது முதலில் டயரின் காற்று, பிறகுதான் ஃபோர் வீல். வழக்கமாக 33 பி.எஸ்.ஐ. வைத்திருந்தால், மணலில் இறங்கும் முன் 18 முதல் 20 வரை இறக்குங்கள். டயர் தட்டையாகி மணலின் மேல் பரவி நிற்கும். ஒரே சீராகப் போங்கள். நிறுத்தவேண்டி வந்தால் இறக்கமான இடத்தில் நிறுத்துங்கள். சக்கரம் புதைந்தால் ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் இறங்கி, டயருக்கு முன்னால் மணலைத் தள்ளிவிட்டு, நாலு பனையோலையைப் போட்டு எடுத்துவிடலாம். தாருக்கு ஏறியதும் காற்றை மறுபடி நிரப்ப வேண்டும் என்பதால், வண்டியின் பேட்டரியிலேயே ஓடும் சிறிய கம்ப்ரஸர் ஒன்றை டிக்கியில் போட்டு வையுங்கள்.

களக்காட்டு வாழைத்தோட்டம்தான் உண்மையில் ஃபோர் வீல் கேட்கும் இடம் என்று நினைக்கிறேன். களிமண் டயரின் பள்ளங்களை அடைத்துவிட்டால் இரண்டு சக்கரம் மட்டும் சுற்றும் வண்டி எவ்வளவு உயரமாக இருந்தாலும் நகராது. மழைக்காலத்தில் தோட்டத்துக்கு வாரம் தவறாமல் போவீர்களா, அல்லது அப்பா மோட்டார் சைக்கிளிலேயே போய் வந்துவிடுவாரா? இதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

முருகன்குறிச்சி:

எனக்கும் மூன்று பிள்ளைகள்; மாமனாரும் மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார்கள். அதனால் வண்டிக்குள் யார் எங்கே உட்காருவது என்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், தம்பி. மேலே அண்ணாச்சி மணலைப் பற்றிச் சொன்னதெல்லாம் சரிதான். ஆனால் நீங்கள் தேரியில் இருக்கப்போவது ஆண்டில் சில நாள், மூன்றாவது வரிசையில் யாரோ ஒருவர் உட்காரப்போவது ஒவ்வொரு நாளும்.

கைக்குழந்தைக்குப் பின்புறம் பார்த்த சீட் கட்டாயம் வாங்குங்கள். மடியில் வைத்துக்கொண்டு போவதை நம் ஊரில் யாரும் தவறாக நினைப்பதில்லை என்றாலும், திடீரென பிரேக் போட்டால் குழந்தையைக் கையில் பிடித்து நிறுத்த யாராலும் முடியாது. அந்தச் சீட்டை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் பெரும்பாலான வண்டிகளில் நடு வரிசையின் இரண்டு ஓரங்களில்தான் இருக்கின்றன. ஷோரூமில் யாரும் சொல்லாத விஷயம் ஒன்று இங்கே இருக்கிறது. குழந்தை சீட்டை அங்கே மாட்டிவிட்டால் அந்த இருக்கையை மடக்க முடியாது. மடக்க முடியாவிட்டால் அந்தப் பக்கத்துக் கதவு வழியாக மூன்றாம் வரிசைக்கு ஏறவும் முடியாது. எனவே எந்தப் பக்கத்து இருக்கை மடங்குகிறது, கொக்கி எந்தப் பக்கத்தில் மிச்சம் இருக்கிறது என்பதைப் பார்த்து, கையோடு ஒரு குழந்தை சீட்டைக் கொண்டுபோய் மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் முன்பணம் கொடுக்க வேண்டும். நடுவில் நடந்து போகும்படி தனித்தனி இருக்கைகள் உள்ள ஆறு பேர் வண்டியில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் உங்களுக்கு அது ஓராள் குறையும்.

பெரியவர்களை மூன்றாம் வரிசைக்கு அனுப்பலாம் என்று நினைக்கவே வேண்டாம். தனிச் சட்டகத்தின் மேல் வண்டிக்கூடு உட்கார்ந்திருக்கும் ஸ்கார்பியோ என், ஃபார்ச்சூனர் இரண்டிலும் உள்தரை உயரம்; என் மாமியார் அப்படிப்பட்ட ஒரு வண்டியில் ஏறிப் பார்த்தபோது, ஒரு கையில் சேலைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கதவோரக் கைப்பிடியைத் தேடி, ஃபுட்போர்டில் வைத்த காலை எடுக்கவும் முடியாமல் மேலே போகவும் முடியாமல் அப்படியே நின்றுவிட்டார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் அவர்களையே ஷோரூமுக்கு அழைத்துப் போய் ஏறி இறங்கச் சொல்லுங்கள். அதுவே பாதி முடிவைச் சொல்லிவிடும்.

விபத்துச் சோதனை மதிப்பெண்ணையும் பாருங்கள். குளோபல் என்கேப் சோதனையில் ஸ்கார்பியோ என் பெரியவர்களுக்கு ஐந்து நட்சத்திரமும் குழந்தைகளுக்கு மூன்றும் வாங்கியது. எக்ஸ்யூவி 700 ஐந்தும் நான்கும் வாங்கியது. 2023-இல் சோதித்த டாடா சஃபாரி இரண்டிலும் ஐந்து வாங்கியது. மூன்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு இரண்டாவது எண்தான் முக்கியம் என்பது என் கருத்து. சஃபாரி என்றதும் பழைய சஃபாரி ஸ்டார்ம் வண்டியின் நினைவில் ஃபோர் வீல் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். 2021-இல் வந்த இப்போதைய சஃபாரியில் முன்சக்கர இயக்கம் மட்டும்தான். இருந்தாலும் நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதை எடுத்துவிட்டு, உத்திரத்தன்று தேரி விளிம்பில் நிறுத்தி உள்ளூர் ஜீப்பில் போய்விடுவேன். திருக்குறுங்குடி மலை நம்பி கோயிலுக்கு ஜீப் பிடித்துத்தானே எல்லோரும் ஏறுகிறோம்?

இன்னொன்று. ஏழு பேர் உட்கார்ந்தபின் இந்த வண்டிகள் எதிலும் டிக்கி என்று சொல்லும்படி எதுவும் மிஞ்சாது. ஸ்கார்பியோ என்-இல் இரண்டு பள்ளிப்பை வைத்தாலே நிறைந்துவிடும். பொங்கல் பானையும் விறகும் மேல் கேரியரில் போகட்டும், கிடாய்க்குத் தனி வண்டி பார்த்துக்கொள்ளுங்கள்!

வள்ளியூர் பட்டறை:

நான் ஓட்டுகிறவனைவிடக் கழற்றிப் பார்க்கிறவன் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் வெள்ளம். அப்பாவின் பயம் நியாயமானதுதான். அன்றைக்குக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது, தாமிரபரணி நெல்லை ஜங்ஷன் பகுதிக்குள் வந்துவிட்டது. ஆனால் ஓடுகிற தண்ணீருக்கு எந்த வண்டியும் உயரமில்லை. இரண்டடி ஆழத்தில் வேகமாக ஓடும் வெள்ளம் பெரிய எஸ்.யூ.வி.யையும் மிதக்கவிட்டு இழுத்துப் போய்விடும். நான்கு சக்கரமும் சுற்றுவதால் ஒரு பயனும் இல்லை, ஏனென்றால் சக்கரம் தரையில் பதிந்திருக்காது. தேங்கிய தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது. பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடுதான் வளையும். சாதாரண இன்சூரன்ஸில் பெரும்பாலும் அந்தச் செலவு வராது என்பதால் 'என்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் காப்பீட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வெள்ளத்துக்காக ஃபோர் வீல் எடுக்கிறோம் என்ற காரணத்தை மட்டும் கணக்கிலிருந்து அடித்துவிடுங்கள்.

கைமாறிய ஃபார்ச்சூனருக்கும் அந்த வெள்ளத்துக்கும் தொடர்பு உண்டு. நம் பக்கத்தில் விற்பனைக்கு வரும் வண்டி எதுவானாலும் முன் சீட்பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள்; தண்ணீரில் நின்ற வண்டி என்றால் சுருளின் உள்பக்கத்தில் வண்டல் கோடு தெரியும். இருக்கைத் தண்டவாளத்து போல்ட்டுகளில் துரு இருந்தாலும் சந்தேகப்படுங்கள். அடுத்து, மணல் தரையில் நிறுத்தி ஃபோர் வீலையும் லோ ரேஞ்சையும் போட்டுப் பார்க்க வேண்டும். பல உரிமையாளர்கள் அதைப் போடும் திருகியை ஆண்டுக்கணக்கில் தொட்டிருக்க மாட்டார்கள். பயன்படுத்தாமலே பழுதாகும் உறுப்பு அது. விலையில் ஒரு குறிப்பு: 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய எஸ்.யூ.வி.களுக்கு ஜி.எஸ்.டி.யும் செஸ்ஸும் சேர்ந்து 50 சதவீதமாக இருந்த வரி 40 சதவீதமானது. புதிய வண்டி விலை இறங்கியபின் பழைய வண்டிக்குப் பழைய விலையே சொல்கிறவரிடம் நன்றாகப் பேரம் பேசலாம். நம் மாநில வாழ்நாள் வரியையும் மறக்க வேண்டாம். 20 லட்சத்தைத் தாண்டிய வண்டிக்கு 20 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம். ஸ்கார்பியோ என் ஃபோர் வீலில் உயர்ந்த வகைக்குப் போனால் உங்கள் 30 லட்சம் மூச்சுமுட்டும்.

ஸ்கார்பியோ என்-இல் ஃபோர் வீல் டீசலில் மட்டும்தான் உண்டு. இப்போதைய டீசல் வண்டிகளின் சைலன்சர் குழாயில் புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி இருக்கிறது. வண்டி நன்றாகச் சூடேறி ஒரே வேகத்தில் இருபது நிமிடம் போலாவது ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து தீரும். நீங்கள் தினமும் சேர்மாதேவியிலிருந்து பாளைக்கு எடுத்துப் போவதானால் கவலையில்லை. பிள்ளைகளைப் பக்கத்துத் தெருப் பள்ளியில் விட மட்டும் வண்டி வெளியே வருமானால், எச்சரிக்கை விளக்கு எரிந்து பட்டறைக்கு வந்து நிற்பீர்கள்; அப்படியானால் பெட்ரோல் வண்டியே மேல். வாரம் ஒருமுறை நான்குவழிச்சாலையில் வள்ளியூர் வரை வந்து திரும்பினாலும் போதும், டீயும் குடித்துவிட்டுப் போகலாம்.

ஆடிக்காற்றில் காவல்கிணறு, முப்பந்தல் பக்கம் ஓட்டும்போது உயரமான வண்டிகள் பக்கவாட்டில் உதறுவதை நீங்களே உணர்வீர்கள். மேல் கேரியரில் சுமை இருந்தால் அங்கே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

சேர்மாதேவிக்காரன்:

மூவருக்கும் மிக்க நன்றி. தேரிமணல் அண்ணாச்சி கேட்ட கேள்வியை அப்பாவிடமே கேட்டேன். மழைக்காலத்தில் வாழைத்தார் வெட்டும் சமயத்தில் வாரத்துக்கு இரண்டு தடவையாவது போக வேண்டும், மோட்டார் சைக்கிளில் இனி முடியாது என்றார். எனவே சேற்றுக்காக ஃபோர் வீல் தேவை என்பது உறுதியாகிவிட்டது. வெள்ளக் காரணத்தை அவரே விட்டுவிட்டார். நேற்று அம்மாவை அழைத்துப் போய் ஸ்கார்பியோ என்-இல் ஏற்றிப் பார்த்தோம். ஃபுட்போர்டும் கைப்பிடியும் இருந்ததால் சிரமப்பட்டாலும் ஏறிவிட்டார்கள். பெரிய பையன் மூன்றாம் வரிசை தனக்குத்தான் என்று அப்போதே துண்டு போட்டுவிட்டான். குழந்தை சீட்டை மட்டும் இன்னும் மாட்டிப் பார்க்கவில்லை. எக்ஸ்யூவியை விட்டுவிடலாமா?

தேரிமணல்:

வாரத்துக்கு இரண்டு தடவை சேறு என்றால் லோ ரேஞ்ச் உள்ளதையே எடுங்கள், எக்ஸ்யூவியை விட்டுவிடலாம். விலை குறைந்த வகையில் ஃபோர் வீல் கிடைத்தால் அதை எடுத்து, மிச்சப் பணத்தில் சேற்றையும் தாரையும் தாங்கும் ஏ.டி. டயர் போடுங்கள். ஷோரூமிலிருந்து வரும் டயர் தாருக்கானது. களக்காட்டுக் களிமண்ணில் அது வழுக்கும். முக்கியமாக, முன்பணம் கட்டுவதற்கு முன் உங்கள் வீட்டு ஷெட்டை அளந்துவிடுங்கள். ஸ்கார்பியோ என்-இன் அகலம் கண்ணாடிகளை விட்டு 1917 மில்லிமீட்டர், நீளம் 4662. ஃபார்ச்சூனரைவிட நீளம் குறைவு, ஆனால் அகலம் அதிகம். பக்கவாட்டுக் கதவை முழுவதும் திறந்து குழந்தை சீட்டோடு இறங்க, இரண்டு பக்கமும் குறைந்தது இரண்டரை அடியாவது இருக்க வேண்டும்.

முருகன்குறிச்சி:

சேறுதான் காரணம் என்றால் சஃபாரி என்று நான் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது, தம்பி. ஆனால் குழந்தை சீட்டை மாட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். உங்களிடம் இன்னும் இல்லை என்றால் என் வீட்டில் கடைசிப் பிள்ளையின் சீட் சும்மாதான் கிடக்கிறது. தனிச்செய்தி அனுப்பிவிட்டு வந்து எடுத்துப் போங்கள்.