தெரணியகல ஒருவரா, இருவரா? பலாங்கொடை மனிதன் பற்றி ஒரு கேள்வி

அப்புத்தளை டீச்சர்:
எல்லோருக்கும் வணக்கம். பத்தாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறேன். இந்தத் தவணை, பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் இலங்கையில் வாழ்ந்த கற்கால மனிதனான பலாங்கொடை மனிதனைப் பற்றிப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு சுவர்ப்பத்திரிகை செய்யலாம் என்று இறங்கினோம். தமிழில் கிடைக்கிற குறிப்புகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. தெரணியகல 1930களில் குகை தோண்டினார் என்று ஒன்றில் இருக்கிறது. இன்னொன்றில் அதே தெரணியகல 1980களில் அதே குகையைத் தோண்டி, 2021இல் காலமானார் என்று இருக்கிறது. ஒரு பிள்ளை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, அவருக்கு நூறு வயதுக்கு மேலா டீச்சர் என்று கேட்கிறாள். இவர் ஒருவரா, இருவரா? எங்கள் பிள்ளைகள் எல்லாரும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். பலாங்கொடை பஸ்ஸில் போய்வருகிற தூரம்தான், ஆனால் இந்தப் பாடத்தை ஏதோ எகிப்துக் கதை போலத்தான் படிக்கிறார்கள். நம் மலைப்பக்கத்தோடு இதற்குத் தொடர்பு ஏதும் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

பலாங்கொடைக்காரன்:
இருவர் டீச்சர், அப்பாவும் மகனும். பிள்ளையின் கணக்குச் சரிதான்.

அப்பா பி.ஈ.பி. தெரணியகல, 1900இல் பிறந்தவர். தொல்லியல் படித்து வந்தவர் இல்லை, விலங்கியல்காரர். மீன், பாம்பு, முதலை என்று எழுதிக்கொண்டிருந்த மனிதர். 1939 முதல் 1963 வரை தேசிய நூதனசாலை (அருங்காட்சியகம்) பணிப்பாளர். இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக் குழி வெட்டும்போது கல் இருக்கிற சரளை மண்ணோடு பழைய எலும்பும் பல்லும் வரும். குழிக்காரருக்கு அது குப்பை, இவருக்கோ அதுதான் மாணிக்கம். அந்த எலும்புகளை வைத்துத்தான் ஒரு காலத்தில் இந்தத் தீவில் நீர்யானையும் காண்டாமிருகமும் இருந்தன என்று காட்டினார். சிங்கமும் இருந்தது! குருவிட்டைப் பக்கம் கிடைத்த பல்லை ஆராய்ந்து, அது அழிந்துபோன இலங்கைச் சிங்கத்தினுடையது என்று 1939இல் பெயரே வைத்தார். சுவர்ப்பத்திரிகையில் இதைக் கட்டாயம் போடுங்கள், பிள்ளைகள் விடமாட்டார்கள்.

விலங்குகளைத் தேடிப் போனவர் அப்படியே மனிதனிடம் வந்து சேர்ந்தார். குருவிட்டைக்குப் பக்கத்து பட்டதொம்பலென குகை, எல்லவுக்குப் பக்கத்து இராவணா எல்ல குகை, அப்புறம் 1956இலிருந்து பெல்லன்பந்திபலஸ்ஸ. கடைசியாகச் சொன்னது குகை இல்லை, திறந்தவெளி. அங்கே நிறைய எலும்புக்கூடுகள் கிடைத்தன. தடித்த மண்டையோடு, துருத்திய புருவ மேடு, பலமான தாடை, ஆண்கள் 174 சென்டிமீட்டர் அளவு உயரம். இவர்களுக்கு ஹோமோ சேப்பியன்ஸ் பலாங்கொடென்சிஸ் என்று தனி உள்ளினப் பெயர் கொடுத்தவர் இவர்தான். இன்றைக்கு ஆய்வாளர்கள் அந்தத் தனிப் பிரிவை ஏற்பதில்லை, உங்களையும் என்னையும் போன்ற முழு மனிதர்கள்தான் அவர்கள். ஆனாலும் பலாங்கொடை மனிதன் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

கண்டி வாசகன்:
நல்ல பதில் அண்ணே. மகனைப் பற்றி நான் சொல்கிறேன், அவருடைய வேலைதான் எனக்குப் பெரிது.

மகன் சிரான் தெரணியகல, 1942இல் பிறந்தவர். 1992 முதல் 2001 வரை தொல்பொருள் திணைக்களப் பணிப்பாளர் நாயகம், 2021 ஒக்டோபரில் காலமானார். அப்பா தோண்டிய பட்டதொம்பலெனவை 70களின் கடைசியிலும் 80களிலும் திரும்பத் தோண்டியவர் இவர்தான், டீச்சரின் குறிப்புகள் குழம்பியது அதனால்தான். அப்பா காலத்தில் எலும்பும் கருவியும் கிடைத்தன, ஆனால் எவ்வளவு பழையவை என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. மகன் மண்ணை அடுக்கு அடுக்காகப் பிரித்து எடுத்து, ஒவ்வோர் அடுக்கிலும் கிடைத்த அடுப்புக் கரியைக் கதிரியக்கக் கார்பன் முறையில் காலம் கணிக்கக் கொடுத்தார். வந்த விடை உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. பிறை, முக்கோணம், சரிவகம் என்று வடிவம் வைத்துச் செதுக்கிய நுண்கற்கருவிகள் ஐரோப்பாவில் பரவியது சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன்புதான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். நம் குகைகளில் அவை 28,000 ஆண்டுகளுக்கு முன்பே இருந்தன! பின்னால் நடந்த ஆய்வுகள் அதை இன்னும் பின்னே கொண்டுபோயின.

அந்தக் கருவிகள் விரல் நகம் அளவுதான், பெரும்பாலும் வெள்ளைப் படிகக்கல். இதையெல்லாம் 1992இல் வந்த தன் பெரிய நூலில் எழுதி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். கடலிலிருந்து அவ்வளவு தூரம் உள்ளே இருக்கிற குகையில் கடல் சிப்பி கிடைத்தது என்பதைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. அந்தக் காலத்திலேயே மலையும் கரையும் கொடுக்கல் வாங்கல் வைத்திருந்திருக்கின்றன.

இன்னொன்று, சிரானின் தாத்தாவையும் விட்டுவிடாதீர்கள். போல் ஈ. பீரிஸ் என்ற சிவில் சேவை அதிகாரி, யாழ்ப்பாணத்தில் நீதிபதியாக இருந்தபோது அங்குள்ள கந்தரோடை என்ற தொல்லியல் இடத்தை ஆராய்ந்து 1917இலும் 1919இலும் எழுதியவர். ஆக மூன்று தலைமுறை.

அப்புத்தளை டீச்சர்:
நன்றி, நன்றி. நாளைக்கே கரும்பலகையில் மூன்று பெயரையும் எழுதிவிடுகிறேன். அந்தப் படிகக்கல் கருவி குகைகளில் மட்டும்தானா? தோட்டத்து மண்ணிலும் வெள்ளைக்கல் நிறையக் கிடைக்கிறதே, பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள்.

மஸ்கெலியா அண்ணன்:
தங்கச்சி, இந்த ஆராய்ச்சியே தோட்டத்து மண்ணில்தான் தொடங்கியது. 1880களில் மஸ்கெலியாப் பக்கம் தோட்டத் துரையாக இருந்த ஜோன் போல் என்பவர் தேயிலை மலைகளில் கிடந்த படிகக்கல் சில்லுகளைப் பொறுக்கி, இது மனிதன் உடைத்த கல் என்று சொன்னார். ஈ.ஈ. கிரீன் என்ற பூச்சியியலாளரும் அப்படியே சொன்னார். பலர் நம்பவில்லை. 1907இல் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த சரசின் என்ற ஆய்வாளர்கள் இருவர் குகைகளைத் தோண்டிப் பார்த்த பிறகுதான் பேச்சு மாறியது. உங்கள் பண்டாரவளைக் குன்றுகளில் ஹார்ட்லி என்பவர் ஏராளமாகச் சேகரித்தார். ஜோன் போலின் கையில் அந்தக் கல் வந்ததே காட்டை அழித்து, கான் (வடிகால்) வெட்டி, மண்ணைப் புரட்டியதால்தான். அந்த மண்ணைப் புரட்டியவர்கள் யார் என்று உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லுங்கள். எந்தப் புத்தகத்திலும் அவர்கள் பெயரை நான் பார்த்ததில்லை.

எல்லா வெள்ளைக்கல்லும் கருவி இல்லை. மனிதன் தட்டிய சில்லில், அடி விழுந்த இடத்துக்குக் கீழே லேசாக ஒரு புடைப்பு இருக்கும், ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்னக் கொத்தல் தெரியும். படிகக்கல்லில் இதைக் கண்டுபிடிப்பது பழகியவர்களுக்கே சிரமம். பிள்ளைகள் சந்தேகப்படும்படி ஏதாவது பார்த்தால் எடுக்காமல் படம் பிடித்து, எந்த மலை, எந்தக் கான் என்று குறித்துக்கொண்டு தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்கச் சொல்லுங்கள். இடம் தெரியாத கல்லை வைத்து ஆய்வாளர் அதிகம் ஒன்றும் சொல்ல முடியாது. அனுமதி இல்லாமல் தோண்டுவதும் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி குற்றம்.

முடிந்தால் ஒரு சுற்றுலா போடுங்கள். பெலிஹுல்ஓயா, பலாங்கொடை வழியாக இரத்தினபுரிக்கு இறங்கினால் எஹெலபொல வளவு என்ற பழைய பெரிய வீட்டில் நூதனசாலை இருக்கிறது. மாணிக்கக் குழிகளில் கிடைத்த அந்தப் பழைய விலங்குகளின் எச்சங்களைப் பிள்ளைகள் அங்கேயே பார்க்கலாம்.