1985 டைனா லொறி: மீற்றரில் இருந்து ஸ்பீடோமீற்றர் கேபிள் கழரவில்லை

கொட்பே மீன் லொறி:

எல்லோருக்கும் வணக்கம். எங்களிடம் அப்பா காலத்து டொயோட்டா டைனா ஒன்று இருக்கிறது. 1985ஆம் ஆண்டு வண்டி, 3பி டீசல் என்ஜின். கொட்பே துறைமுகத்தில் மீன் ஏற்றிக்கொண்டு தம்புள்ளைப் பக்கம் ஓடுகிறது. கொஞ்ச நாளாகவே முள் ஒரு இடத்தில் நிற்காமல் 20க்கும் 50க்கும் இடையில் துள்ளிக்கொண்டிருந்தது. டாஷ்போட்டுக்குள் கிரீச் என்று ஒரு சத்தமும் வரும். போன கிழமை கந்தளாய் தாண்டும்போது முள் பூச்சியத்துக்கு விழுந்தது. கிலோமீற்றர் எண்ணும் அதோடு நின்றுவிட்டது.

வாடகை வாங்குவதும் என்ஜின் ஒயில் மாற்றுவதும் அந்த எண்ணைப் பார்த்துத்தான், சும்மா விட முடியாது. அநுராதபுரச் சந்திப் பக்கம் ஒரு சாமான் கடையில் புதுக் கேபிள் வாங்கிவிட்டேன். மீற்றருக்கு மேல் இருந்த கறுப்பு மூடியைக் கழற்றியாயிற்று, மீற்றர்ப் பெட்டியின் ஸ்குரூக்களும் எடுத்தாயிற்று. ஆனால் பெட்டி இரண்டு விரல் அகலத்துக்கு மேல் முன்னால் வரவில்லை. பின்பக்கம் கையை விட்டால் கேபிள் முனையில் ஒரு பிளாஸ்டிக் பிடி தட்டுப்படுகிறது. திருகினால் சுற்றவில்லை, இழுத்தால் வரவில்லை. ஸ்குரூ டிரைவர் விட்டு நெம்பலாமா?

நிலாவெளி வீதி:

நெம்ப வேண்டாம். இன்னும் பழைய வண்டிகளில்தான் திருகிக் கழற்றும் நட் இருக்கும். உங்களுடையது கிளிப் வகை, ஒரு பக்கத்தில் நாக்கு ஒன்று இருக்கும். விரலால் தடவித் தேடுங்கள்.

பழைய கராஜ்காரன், உவர்மலை:

தம்பி, முதலில் கையை வெளியே எடுங்கள். அந்தப் பிடிக்கும் உங்கள் வண்டியின் வயதுதான். வெயிலிலும் சூட்டிலும் கிடந்து காய்ந்த பிளாஸ்டிக். நாக்கு ஒடிந்தால் கேபிள் மீற்றரில் நிற்காது, குலுங்கக் குலுங்கக் கழன்றுவிடும். பிறகு கம்பியால் இழுத்துக் கட்டி ஓட்டுகிறார்கள். அதை நான் வேலை என்று சொல்லமாட்டேன்.

பெட்டி வராததற்குக் காரணம் மேலே இல்லை. கீழே கேபிள் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. முதலில் பற்றரியின் நெகட்டிவ் வயரை எடுத்துவிடுங்கள். சில்லுகளுக்குக் கட்டை வைத்துவிட்டு வண்டிக்கு அடியில் போய், கியர்பொக்ஸ் பக்க முனையைக் கழற்றுங்கள். அங்கே இருப்பது நட், இடப்பக்கம் சுற்றினால் கழரும். கேபிள் வண்டிக்குள் நுழையும் இடத்தில் ஒரு றப்பர் வளையம் இருக்கும், அதையும் இளக்கி, கேபிளைக் கீழிருந்து மேலே தள்ளிக் கொடுங்கள். இப்போது பெட்டி ஒரு சாண் வரும். பிடியைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

நாக்கை அழுத்த முன், கேபிளை மீற்றருக்குள் கொஞ்சம் தள்ளுங்கள். கொக்கியில் இருக்கிற இறுக்கம் அப்போது விடும். பிறகு நாக்கைப் பெருவிரலால் கேபிள் பக்கமாக அழுத்தி, அழுத்திய விரலை எடுக்காமல் நேராகப் பின்னால் இழுங்கள். இழுத்துக்கொண்டே அழுத்தினால் கொக்கி நகராது. பலரும் மாட்டிக்கொள்வது அந்த இடத்தில்தான்.

பெட்டியை வெளியே எடுக்கும்போது முதுகுப் பக்கத்தைப் பாருங்கள். மெல்லிய தாளில் செப்புக் கோடுகள் ஓடும், பல்புகளுக்கும் மற்ற மீற்றர்களுக்கும் மின்சாரம் போவது அதன் வழியாகத்தான். கேபிளின் கூர் முனை பட்டால் கிழியும். வயர் சொக்கற்றுகளை வயரில் பிடித்து இழுக்காமல், சொக்கற்றில் பிடித்து எடுங்கள். அந்த ஸ்குரூக்களும் ஜப்பான் அளவு. சாதாரண நட்சத்திர டிரைவர் அதில் சரியாக உட்காராமல் தலையை வழித்துவிடும். ஜப்பான் ஸ்குரூவுக்கென்றே டிரைவர் கிடைக்கிறது, பழைய ஜப்பான் வண்டி வைத்திருப்பவர்கள் ஒன்று வாங்கி வைத்தால் நல்லது.

கழற்றுவது இவ்வளவுதான். ஆனால் புதுக் கேபிளை உடனே பூட்டிவிடாதீர்கள். பழையது ஏன் அறுந்தது என்று தெரியாமல் புதியதைப் போட்டால் அதுவும் அறும். கடைக்காரருக்குத்தான் இலாபம்.

கேபிளுக்குள் சுற்றும் கம்பியின் அறுந்த துண்டுகளை இரண்டு முனையிலும் இருந்து உருவி எடுத்து, எந்த இடத்தில் அறுந்தது என்று பாருங்கள். நடுவில் வளைவில் அறுந்திருந்தால் கேபிள் போகும் பாதை பிழை. வளைவு எங்கேயும் ஒரு சாணை விட இறுக்கமாக இருக்கக்கூடாது. மீற்றர் பக்கத்துச் சதுர முனைக்குக் கிட்ட முறுகி அறுந்திருந்தால் மீற்றரைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மீற்றருக்குள் நடப்பது இதுதான். அந்தக் கம்பி ஒரு காந்தத்தைச் சுழற்றும். காந்தத்தைத் தொடாமல் ஒரு அலுமினியக் கிண்ணம் இருக்கும். காந்தம் சுற்றும்போது கிண்ணத்தில் மின்சாரம் உண்டாகி அது கூடவே இழுபடும், மெல்லிய சுருள் ஸ்பிரிங் அதைத் திருப்பிப் பிடிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் முள். கிலோமீற்றர் எண் பற்சில்லில் ஓடுகிறது. அந்தக் காந்தத்தின் அச்சு ஒரு வெண்கலப் புஷ்ஷில் சுற்றுகிறது. அது காய்ந்தால்தான் கிரீச் சத்தம். அச்சு இறுகினால் கம்பி முறுகி முறுகி அறும். முள் துள்ளியது, சத்தம் வந்தது, பிறகு எல்லாம் நின்றது என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எனக்கு இதுதான் படுகிறது.

பழைய கம்பியின் சதுர முனை உள்ள துண்டை மீற்றரின் ஓட்டையில் வைத்து இரண்டு விரலால் சுற்றுங்கள். இலேசாகச் சுற்ற வேண்டும், முள் எழும்பி விழ வேண்டும். இறுகியிருந்தால் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு, அச்சில் மட்டும். கிறீஸ் அந்தப் பக்கமே போகக்கூடாது. கிண்ணத்தில் பட்டால் முள் தாறுமாறாகக் காட்டும்.

கொட்பே மீன் லொறி:

மிக்க நன்றி ஐயா. அடியில் போய்ப் பார்த்தேன். கியர்பொக்ஸ் பக்க நட் கறள் பிடித்து ஒரே கட்டியாக இருக்கிறது. பைப் ஸ்பேனர் போடலாமா?

கிண்ணியா மணல் லொறி:

தம்பி, மீன் லொறி என்றால் அது அப்படித்தான் இருக்கும். ஐஸ் கரைந்த உப்புத்தண்ணி முழுவதும் அந்தப் பக்கம்தான் ஒழுகும். பைப் ஸ்பேனர் போட்டால் நட் நசுங்கி உள்ளே இன்னும் இறுகும். கம்பித் தூரிகையால் மரையைச் சுத்தம் பண்ணி, டபிள்யூடி-40 அடித்து ஒரு இரவு விடுங்கள். காலையில் குறடால் மெதுவாக இறுக்கும் பக்கம் கொஞ்சம், கழற்றும் பக்கம் கொஞ்சம் என்று ஆட்டுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் நட்டோடு சண்டை பிடிக்க வேண்டாம். அது பூட்டியிருக்கும் உறையை ஒரு சின்னப் போல்ட்டும் தகடும்தான் பிடித்திருக்கிறது. அந்தப் போல்ட்டை எடுத்தால் உறை, பற்சில்லு, கேபிள் எல்லாம் ஒன்றாக வெளியே வரும். கொஞ்சம் ஒயில் ஒழுகும், கீழே தட்டு வையுங்கள். மேசையில் வைத்து ஆறுதலாகக் கழற்றலாம்.

பழைய கராஜ்காரன், உவர்மலை:

கிண்ணியா நானா சொன்னதுதான் சரியான வழி. உறை வெளியே வந்தால் இன்னொன்றும் பாருங்கள். அதற்குள் ஒரு ஒயில் சீல் இருக்கிறது. கம்பியின் மேல் முனை கியர் ஒயிலில் நனைந்திருந்தால் அந்த சீல் போய்விட்டது. கம்பி சுருள் சுருளாகப் பின்னியது, சுற்றும்போது ஒயிலை மேலே மேலே ஏற்றிக் கொண்டுபோய் மீற்றருக்குள் ஊற்றிவிடும். சீலையும் வெளி றப்பர் வளையத்தையும் இப்போதே மாற்றுங்கள். விலை பெரிதில்லை. பற்சில்லின் பல்லையும் பாருங்கள், பிளாஸ்டிக் என்றால் தேய்ந்திருக்கலாம்.

புதுக் கம்பியைக் கேபிளின் வெளிக் குழாயில் இருந்து உருவி, மெல்லிய கிராஃபைட் கிறீஸைக் கீழ்ப்பக்கம் மூன்றில் இரண்டு பங்குக்கு மட்டும் பூசுங்கள். மீற்றர் பக்கம் ஒரு சாண் உலர்ந்தே இருக்கட்டும். உள்ளே விடுவதற்கு முன் பழையதோடு நீளம் பாருங்கள். கம்பி நீளமாக இருந்தால் மீற்றரின் அச்சை முட்டித் தள்ளிக் கெடுத்துவிடும். பிறகு மேல் முனை முதலில், ‘கிளிக்’ என்று சத்தம் கேட்கும்வரை. கீழ் முனை கடைசியில், சதுரம் உட்கார்ந்ததை விரலால் சுற்றிப் பார்த்துவிட்டு நட்டைக் கையாலேயே இறுக்குங்கள். கறுப்பு மூடியைப் பூட்டும் முன் ஒரு சுற்று ஓடிப் பாருங்கள்.

கொட்பே மீன் லொறி:

முடிந்தது! நட் காலையில் இளகிவிட்டது, போல்ட்டைத் தொடத் தேவை வரவில்லை. கம்பி மீற்றருக்குக் கிட்டத்தான் முறுகி அறுந்திருந்தது. அச்சும் நீங்கள் சொன்ன மாதிரியே இறுகிப் போயிருந்தது. எண்ணெய் விட்டுச் சுற்றச் சுற்ற இளகியது. இப்போது முள் ஆடாமல் நிற்கிறது, சத்தமும் இல்லை. சீல் நன்றாக இருக்கிறது, கம்பி முனையில் ஒயில் இல்லை.

ஒரு சந்தேகம் மட்டும். கந்தளாய் வீதியில் கிலோமீற்றர் கல்லைப் பார்த்து ஓடினேன். 10 கிலோமீற்றருக்கு மீற்றர் 9.6தான் காட்டுகிறது. கேபிள் பிழையா?

பழைய கராஜ்காரன், உவர்மலை:

கேபிளால் அப்படி வராது. கம்பி அறுந்தால் ஓடாது, அறாவிட்டால் சுற்று குறையாது. ஜப்பான் மீற்றருக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் கம்பி நிமிடத்துக்கு 637 சுற்று, அதாவது ஒரு கிலோமீற்றருக்கு 637 சுற்று. இந்தக் கணக்கு மாறுவது சில்லின் அளவால்தான். பின் ரயர் என்ன அளவு?

கொட்பே மீன் லொறி:

7.50-16. முன்பு 7.00-16 இருந்தது என்று அப்பா சொல்கிறார்.

பழைய கராஜ்காரன், உவர்மலை:

அதுதான் காரணம். பெரிய ரயர் ஒரு சுற்றில் கூடத் தூரம் போகும், மீற்றருக்கு அது தெரியாது. முள்ளைக் கழற்றி நகர்த்தித் திருத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், எண் அப்படித் திருந்தாது. கியர்பொக்ஸ் பக்கத்துக்குப் பல் எண்ணிக்கை வேறான பற்சில்லு கிடைத்தால் மாற்றலாம். கிடைக்கும்வரை, வாடகை பேசும்போது மீற்றர் 100 காட்டினால் 104 என்று கணக்கெடுங்கள். ஓட்டும்போதும் நினைவில் இருக்கட்டும்: முள் 60இல் நிற்கும்போது வண்டி 62க்கு மேல் போகிறது.