அந்தமான் போகிறோம், அம்மாவும் ஏழு வயதுப் பையனும் கூட. வெளியே எதற்கெல்லாம் பயப்பட வேண்டும்?

திருச்சிக்காரன்:
பிப்ரவரி இரண்டாம் வாரம் போகிறோம். சென்னையிலிருந்து போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள்), அப்புறம் ஹேவ்லாக் தீவில் மூன்று இரவு, நீல் தீவில் ஒரு இரவு. அம்மாவுக்கு 66 வயது, சர்க்கரை இருக்கிறது. பையன் வாய்க்கால் தண்ணீரைப் பார்த்தாலே குதிக்கிற ஆள். யாரோ முதலை வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பித் தொலைத்ததிலிருந்து அம்மா, "நீங்க குளிங்க, நான் கரையிலேயே உட்கார்ந்துக்கிறேன்" என்கிறார். உண்மையில் அங்கே எது ஆபத்து? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

கடலோரக் காக்கா:
முதலை கட்டுக்கதை இல்லை சகோ. அங்கே உப்புநீர் முதலை இருக்கிறது, 2010இல் ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரைப் பக்கம் ஸ்நார்கெலிங் (மூச்சுக்குழாய் மாட்டிக்கொண்டு மேல்மட்டத்தில் நீந்துவது) போன ஒரு அமெரிக்கப் பெண்ணை அடித்துக் கொன்றிருக்கிறது. ஆனால் அதற்காகக் கடலையே ஒதுக்க வேண்டியதில்லை. அலையாத்திக் காடு, கழிமுகம், ஓடை வந்து கடலில் சேரும் இடம், இந்த மூன்று பக்கமும் தலை வைத்துப் படுக்காதீர்கள். எச்சரிக்கைப் பலகை இருந்தால் இறங்காதீர்கள், இருட்டிய பிறகு எங்கேயும் இறங்காதீர்கள். லைஃப்கார்டு காட்டும் எல்லைக்குள் பகலில் பத்துப் பேர் குளிக்கும் இடத்தில் குளியுங்கள். பையனைக் கைக்கு எட்டும் தூரத்திலேயே வையுங்கள். கடல் உங்களை உள்ளே இழுத்தால் எதிர்த்து நீந்திக் களைத்துப் போகாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுவையை விட்டு வெளியே வந்து, அப்புறம் கரைக்குத் திரும்ப வேண்டும்.

முள்குத்து வாங்கியவள்:
அண்ணா, உங்கள் அம்மா கரையிலேயே உட்கார்ந்திருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது! அங்கே மணல் ஈ என்று ஒன்று உண்டு, கண்ணுக்கே சரியாகத் தெரியாது. காலையிலும் சாயங்காலமும் ஈர மணலில் வெறுமனே உட்கார்ந்தால் கெண்டைக்காலைப் பதம் பார்த்துவிடும். கடிக்கும்போது ஒன்றும் தெரியாது, ராத்திரிதான் அரிப்பு ஆரம்பிக்கும், சொறிந்தால் புண். சர்க்கரை உள்ளவருக்கு அந்தப் புண் லேசில் ஆறாது. முழுக்கால் பேன்ட், கனமான விரிப்பு, முடிந்தால் ஒரு நாற்காலி. நாங்கள் காலில் தேங்காய் எண்ணெயை வழிய வழியத் தடவினோம், ஓரளவு கேட்டது. தென்னை நிழல் என்று போய் உட்காரும் முன் தலைக்கு மேலே ஒருமுறை பாருங்கள், குலை தொங்கினால் வேறு இடம் பாருங்கள்.

என் கதை நீலில் நடந்தது. கடல் உள்வாங்கியிருந்தது, முழங்கால் தண்ணீர்தானே என்று வெறுங்காலோடு நடந்தேன். பவளப்பாறை இடுக்கில் கடல் முள்ளெலி (உடம்பெல்லாம் முள்ளாக, உருண்டையாக இருக்கும் கடல் உயிரி). குதிகாலில் நான்கு கறுப்பு முள், பிடுங்கப் போனால் ஒவ்வொன்றும் பொடிப்பொடியாக உடைந்தது. தங்கியிருந்த வீட்டுப் பாட்டி ஒரு வாளி வெந்நீர் கொண்டுவந்து, பொறுக்கும் சூட்டில் அரை மணி நேரத்துக்கு மேல் காலை முக்கிவைக்கச் சொன்னார். வலி அதில்தான் அடங்கியது, மிச்ச முள்ளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுத்தார்கள். எனக்குக் குத்தியதாவது தெரிந்தது. சர்க்கரையால் உங்கள் அம்மாவுக்குப் பாதம் மரத்திருந்தால் அதுகூடத் தெரியாது. அதனால் பின்பட்டையும் கெட்டியான அடியும் உள்ள செருப்பு, தண்ணீரிலும் கழற்றக் கூடாது. ஹவாய் செருப்பு வேலைக்கு ஆகாது, முதல் அலையிலேயே கழன்றுவிடும். தினமும் ராத்திரி நீங்களே அவர் பாதத்தை டார்ச் அடித்துப் பாருங்கள்.

பழைய டைவர்:
மேலே சொன்னதெல்லாம் சரி. என் பங்குக்கு வெயில். ஸ்நார்கெலிங்கில் தண்ணீர் குளிர்ச்சியாக இருப்பதால் முதுகு வேகுவதே தெரியாது, பையனுக்கு முழுக்கை நீச்சல் சட்டை வாங்கிவிடுங்கள். கடிகாரம் நம்முடையதுதான், ஆனால் தீவு வெகு கிழக்கே இருப்பதால் பிப்ரவரியில் ஐந்தரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். நீலில் கடலோரத்தில் இயற்கையாகவே அமைந்த கல் பாலத்தைப் பார்க்கக் கடல் வற்றும் நேரத்தில்தான் போக முடியும். அந்த நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும், அன்றன்றைக்கு உள்ளூர்க்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே பாறை வழுக்கும், அம்மாவுக்கு வேண்டாம். நீங்கள் ஸ்கூபா (காற்று உருளையோடு கடலுக்குள் மூழ்கி நீந்துவது) போனால் ஊர் திரும்பும் விமானத்துக்கு முன் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி விடுங்கள், கடைசி நாளில் வைக்காதீர்கள். பையன் கிளிஞ்சலோ பவளத் துண்டோ பொறுக்கினால் அங்கேயே போட்டுவிட்டு வரச் சொல்லுங்கள், பவளம் எடுப்பது சட்டப்படி குற்றம், விமான நிலையத்தில் பிடிப்பார்கள்.

திருச்சிக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். மணல் ஈ கதையைக் கேட்டதும், "அப்போ நானும் தண்ணிக்கே வரேன்" என்றார். செருப்பு இங்கேயே வாங்கலாமா, அங்கே கிடைக்குமா?

முள்குத்து வாங்கியவள்:
இங்கேயே வாங்கி, ஒரு வாரம் வீட்டில் போட்டு நடக்கச் சொல்லுங்கள் அண்ணா. புதுச் செருப்பு கடித்தாலும் புண்தான்.