பொன்னர் சங்கர், பத்து மணிக்குள்

குழு: அப்பாயி வீட்டுப் பிள்ளைகள்

வெள்ளி

கார்த்தி அண்ணன்: அவசரம். மாசித் திருவிழாவில் அடுத்த சனிக்கிழமைக்குப் பேசி வைத்த பாட்டுக் குழு வரவில்லையாம். அந்த நேரத்தைக் கமிட்டி நமக்குக் கொடுக்கிறது. சமுதாயக் கூடம், மாலை 6 மணி. என்ன போடலாம்?

லோகு: டான்ஸ்

திருப்பூர் அத்தை: கொடுத்த முன்பணம் திரும்பியதா?

கார்த்தி அண்ணன்: பாதி

பெரியம்மா: அதுவே பெரிசு

பெரியப்பா: அனைவருக்கும் வணக்கம். கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், முழுதும் படிக்கவும். நம் அப்பா இலங்கையில் அட்டன் தேயிலைத் தோட்டத்தில் கூத்து வாத்தியார். காமன் கூத்து, அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் மூன்றுக்கும் அவர்தான் ஆள் பழக்குவார். 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அங்கே இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று கணக்கு. அந்தக் கணக்கில் நாமும் இருந்தோம். தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம், அப்புறம் மண்டபம் முகாம், அங்கிருந்து கோத்தகிரி. நம்மைப் போல வருகிறவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் அரசு நீலகிரியில் தேயிலை போட ஆரம்பித்தது. அப்பாவின் தகரப் பெட்டியில் துணிமணி போக இரண்டு பொருள்தான் இருந்தன. ஒன்று உடுக்கை. இன்னொன்று கூத்துப் பாட்டு முழுதும் எழுதிய கொப்பி. ஆகையால் நாம் போட வேண்டியது பொன்னர் சங்கர்.

லோகு: டான்ஸ் இல்லையா

அட்டன் மாமா: அருமை அத்தான். இங்கே போன வருஷமும் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக் களத்தில் போட்டோம். விடிய விடிய.

நான்: இரவு பத்து மணிக்குள் முடியுமா பெரியப்பா?

பெரியப்பா: விடிய விடியத்தான் ஆட வேண்டும். அதுதான் முறை.

கார்த்தி அண்ணன்: இரவு 10 முதல் காலை 6 வரை வெளியே கேட்கும்படி ஒலிபெருக்கி கூடாதுப்பா. ஸ்டேஷனில் அனுமதிக் கடிதத்திலேயே எழுதித்தான் கொடுப்பார்கள்.

பெரியப்பா: அந்தக் காலத்தில் தொண்டையால் பாடினார்கள். மேல் லயத்து வீடுகள் வரைக்கும் கேட்கும்.

பெரியம்மா: அந்தக் காலத்தில் கரடி வந்ததா?

லோகு: முந்தாநாள் கடைக் கதவை உடைத்து எண்ணெய் டின்னை நக்கிவிட்டுப் போயிருக்கிறது. குட்டியோடு.

திருப்பூர் அத்தை: ஐயோ எந்தக் கடை?

லோகு: தண்ணித் தொட்டிப் பக்கம்

திருப்பூர் அத்தை: அந்தக் கடைக்காரர் மகளுக்குத்தானே போன வைகாசியில் கல்யாணம்? குழந்தை உண்டா?

பெரியம்மா: மாசம் ஆறு

அட்டன் மாமா: இங்கே கரடி இல்லை. அட்டைதான்.

கார்த்தி அண்ணன்: கூத்துக்கு வாருங்கள்

நான்: சரி, 9.50க்குள் முடிப்பதாக வைத்துக்கொண்டு கதையைக் குறைக்கலாம். குன்றுடையான், தாமரை, அவர்கள் பிள்ளைக்குத் தவம் இருப்பது எல்லாவற்றையும் விட்டுவிடலாம். அருக்காணித் தங்காள் அண்ணன்மாரிடம் கிளி கேட்கிற இடத்தில் திரை தூக்கினால் என்ன? கிளி, பன்றி, சண்டை, படுகளம். நாலே கட்டம்.

பெரியப்பா: பெற்றவர்கள் பட்ட பாடு தெரியாமல் பிள்ளைகள் சாவதைப் பார்த்து யார் அழுவார்கள்?

லோகு: அதை நீங்களே மைக்கில் ஐந்து நிமிஷம் சொல்லிவிடுங்கள் பெரியப்பா

பெரியம்மா: ஐந்தா?

நான்: அப்பாயி பக்கத்தில்தான் இருக்கிறார். சொல்லச் சொல்கிறார்: எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், படுகளத்தில் விழுந்தவர்களை எழுப்பாமல் திரை போடக் கூடாது.

திருப்பூர் அத்தை: ஆமாம் தேவி. அதில் விளையாடக் கூடாது. வீரப்பூர்ப் பக்கம் நம் பங்காளிகள் இன்னும் கும்பிடுகிற சாமி. விழுந்தவர் மேல் வெள்ளைத் துணி போர்த்தி, தங்காள் தண்ணீர் தெளித்துப் பாடினால்தான் எழுந்திருப்பார்கள்.

லோகு: எழுந்து?

திருப்பூர் அத்தை: தங்கச்சியோடு நாலு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பப் போய்விடுவார்கள்

லோகு: இதற்கா எழுப்புவது

திருப்பூர் அத்தை: கூடப் பிறந்திருந்தால் தெரியும் உனக்கு

நான்: அப்படியென்றால் பின்னாலிருந்து கணக்குப் போடலாம். 9.20க்கு இரண்டு பேரும் விழ வேண்டும். எழுப்புகிற பாட்டுக்கு முழுசாக அரை மணி. பன்றி வேட்டை இருபது நிமிஷம் போதும்.

பெரியப்பா: கொம்பன் பன்றி சாதாரணப் பன்றி அல்ல.

லோகு: யார் அது?

கார்த்தி அண்ணன்: நீதான்

லோகு: மாட்டுப் பொங்கலுக்குக் காளை, இப்போது பன்றியா. மனிதனாக ஒரு வேஷம் கொடுங்கள்.

பெரியம்மா: கொழுந்து எடுக்கப் போகும்போது போடுகிற கறுப்புக் கம்பளி இருக்கிறது. கொம்புக்கு இரண்டு முள்ளங்கி.

அட்டன் மாமா: எங்கள் ஊரில் பன்றி வேஷக்காரருக்குத்தான் கைதட்டல்

லோகு: யோசிக்கிறேன்

திருப்பூர் அத்தை: தங்காள் யார்? எனக்கு முட்டி வலி, முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

பெரியம்மா: யாரும் கேட்கவில்லையே

அட்டன் மாமா: பொன்னர் சங்கருக்கு ஏன் தேட வேண்டும்? வீட்டிலேயே இருக்கிறார்களே. பெரியத்தான் பொன்னர். சின்னத்தான் சங்கர். அக்கா தங்காள். வயதைப் பார்க்காதீர்கள், மேக்கப்பில் சரியாகும்.

லோகு: மாமா

கார்த்தி அண்ணன்: மாமா

பெரியம்மா: அவருக்கு என்ன தெரியும் பாவம்

திருப்பூர் அத்தை: தெரியட்டும். கார்த்தி கல்யாணப் பத்திரிகையில் ஒரு பெயர் விட்டுப் போனது. அதிலிருந்து இரண்டு அண்ணன் தம்பியும் என் வழியாகத்தான் பேசுகிறார்கள். நானும் இத்தனை வருஷமாகத் தந்தி ஆபீஸ் நடத்துகிறேன்.

பெரியப்பா: அது அச்சகத்தில் நடந்த பிசகு. நான் எழுதிக் கொடுத்த தாளில் சின்னவன் பெயர் இருந்தது.

பெரியம்மா: இருந்ததா?

பெரியப்பா: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

கார்த்தி அண்ணன்: கல்யாணம் எனக்கு. யாராவது என்னைக் கேட்டீர்களா

நான்: கொப்பி கூடலூரில் சின்னப்பாவிடம் இருக்கிறது. சின்னப்பா, பார்த்தால் பாட்டுப் பக்கங்களை மட்டும் படம் எடுத்து அனுப்ப முடியுமா?

லோகு: நீல டிக் விழுந்துவிட்டது

நான்: தெரிகிறது, பேசாமல் இரு

சனி

திருப்பூர் அத்தை: காலை வணக்கம். பதில் வந்ததா?

பெரியம்மா: இல்லை

திருப்பூர் அத்தை: நாங்கள் எட்டுப் பேர் வருகிறோம். வேன் பேசலாமா பேருந்தா?

கார்த்தி அண்ணன்: வேன் என்றால் இ-பாஸ் எடுக்க வேண்டும். குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் நிறுத்திப் பார்ப்பார்கள். மேட்டுப்பாளையத்தில் அரசுப் பேருந்து ஏறிவிட்டால் தொல்லையில்லை. அப்புறம் அத்தை, தண்ணீர் பாட்டில் வாங்கி வராதீர்கள். எவர்சில்வர் பாட்டில்தான்.

திருப்பூர் அத்தை: சின்ன அண்ணனுக்கு?

கார்த்தி அண்ணன்: அவர் வண்டி நீலகிரி நம்பர். பாஸ் வேண்டாம்.

பெரியம்மா: வந்தால்தானே

நான்: அப்பாயி பாடிய குரல் பதிவு அனுப்புகிறேன். தங்காள் ஒப்பாரி. இதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இழவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடக் கூடாது என்று வாசலிலேயே மறுத்துவிட்டார். வரப்பு தாண்டி, சில்வர் ஓக் மரத்தடியில் சாக்கைப் போட்டு, வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தார். நடுவில் இலை லாரி சத்தம் வரும். ஆட்டைத் திட்டுவதும் வரும், அது பாட்டில்லை.

(குரல் பதிவு, 4:12)

அட்டன் மாமா: என் அம்மா இதே ராகத்தில்தான் பாடுவார். பக்கத்துத் தோட்டத்தில் வேறு மாதிரி.

திருப்பூர் அத்தை: கேட்டேன். இப்போது பேச முடியவில்லை.

லோகு: ஆட்டைத் திட்டுவதும் ராகத்தோடுதான் இருக்கிறது

நான்: "அண்ணா எழுந்திரு" என்று வருகிற அடிக்குப் பிறகு அவருக்கு நினைவில்லை. இரண்டு தரம் பாடிப் பார்த்துவிட்டு, தாத்தா கொப்பியில் இருக்கும் என்று எழுந்துவிட்டார்.

பெரியப்பா: அந்த இடத்தில் ராகம் மாறும். உடுக்கையும் நின்றுவிடும். வெறும் குரல் மட்டும். அப்பா அதைப் பெண் வேஷக்காரருக்குத் தனியாக உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பார். சின்னவன்தான் அப்போது பக்கத்தில் இருப்பான், எனக்குச் சரியாகத் தெரியாது.

சின்னப்பா: (4 படங்கள்)

லோகு: வந்துவிட்டது!!

சின்னப்பா: தேவி, கிளி கேட்கிறது வரை இருக்கிறது. மற்ற பக்கங்கள் ஈரம் பட்டு ஒட்டியிருக்கின்றன. பிரித்தால் கிழியும்.

பெரியப்பா: மூன்றாவது படம் தலைகீழாக இருக்கிறது.

சின்னப்பா: போனைத் திருப்பிப் பார்க்கச் சொல் தேவி.

நான்: பெரியப்பா, போனைத் திருப்பி

பெரியப்பா: தெரிகிறது. அப்பா எழுத்து. ஓரத்தில் பென்சிலில் யாரோ மீசை வரைந்திருக்கிறார்கள்.

சின்னப்பா: அது யார் வேலை என்று தங்கச்சிக்குத் தெரியும்.

திருப்பூர் அத்தை: பெரியவர் வேலை. அடி வாங்கியது சின்னவர்.

பெரியம்மா: அப்போதும் அப்படித்தானா

நான்: சின்னப்பா, படுகளம் பக்கங்களை எப்படிப் பிரிப்பது? நீராவி காட்டினால் வருமா?

சின்னப்பா: ஒன்றும் காட்ட வேண்டாம். கொப்பியை யாரிடமும் கொடுத்தனுப்ப மாட்டேன். வெள்ளிக்கிழமை கோத்தகிரியில் எனக்கு ஒரு வேலை இருக்கிறது.

லோகு: என்ன வேலை சின்னப்பா

நான்: லோகு

பெரியப்பா: உடுக்கைக்குத் தோல் மாற்ற வேண்டும். இதைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். பனிக்காலத்தில் தோல் தளர்ந்துவிடும், அடித்தால் தொப்பென்று கேட்கும். ஆடுவதற்கு முன்னால் அனலில் காட்ட வேண்டும். கூடத்தில் அடுப்பு மூட்ட விட மாட்டார்கள் என்பதால்

கார்த்தி அண்ணன்: அப்பா, மீதியை வீட்டில் கேட்கிறேன். கமிட்டியில் இன்றைக்கே நடிகர் பட்டியல் கேட்கிறார்கள். தங்காள் தேவி. சரியா?

நான்: ஒப்பாரியை அத்தை திரைக்குப் பின்னால் பாடினால் சரி

திருப்பூர் அத்தை: உட்கார்ந்து பாடலாம் என்றால் பார்க்கிறேன்

கார்த்தி அண்ணன்: பன்றி லோகு

லோகு: கைதட்டல் உறுதியென்றால்

கார்த்தி அண்ணன்: பொன்னர்? சங்கர்?

அட்டன் மாமா: நான் நேற்றே சொன்னேனே

கார்த்தி அண்ணன்: யாராவது சொல்லுங்கள். வாசலில் ஆள் நிற்கிறார்.

கார்த்தி அண்ணன்: சரி, இரண்டு இடத்திலும் "குடும்பத்தார்" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பெரியம்மா: பெயர் போட்டுக் கொடுத்திருக்கலாம். இந்தத் தடவையாவது.

பெரியம்மா: இலை வண்டி வந்துவிட்டது. போனை வைத்துவிட்டு யாராவது சாக்கைக் கட்ட வாருங்கள்.