மறு: ‘மோதல்’ போதுமா? கரடி ஆய்வுக்கான கலைச்சொற்கள்

அன்பர்களுக்கு வணக்கம்.

உயர்நிலை மாணவர்களுக்கான கரடிக் கையேட்டை இங்கே சிங்கப்பூரில் தொண்டூழியர்கள் சிலர் சேர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறோம். அதற்கான தமிழ்ச் சொற்களைக் கேட்டதும் உடனே மறுமொழி தந்த எல்லாருக்கும் நன்றி. மனிதரும் கரடியும் எதிர்பாராமல் எதிரெதிரே வந்துவிடுவதை ஆங்கிலத்தில் ‘encounter’ என்கிறார்கள். அதற்குச் சிலர் சொன்ன ‘மோதல்’ என்ற ஒரே ஒரு சொல்லில்தான் எனக்கு அழுத்தமான மாற்றுக்கருத்து உண்டு. அதை விரிவாகச் சொல்லிவிட்டு மற்றவற்றுக்கு வருகிறேன்.

> ‘மனித-விலங்கு மோதல்’ நாளேடுகளில் ஊன்றிவிட்டது. யானைக்கும் சிறுத்தைக்கும் அதுதானே? கரடிக்கு மட்டும் தனிச்சொல் எதற்கு?

கரடி விஷயத்தில் நடப்பது வேறு, ஐயா. யானை வாழைத்தோட்டத்துக்கு வருகிறது. சிறுத்தை ஆட்டுப்பட்டிக்கு வருகிறது. அங்கே இரு தரப்புக்கும் வேண்டியது ஒரே பொருள், இழுபறியும் நாள்கணக்கில் நீள்கிறது. அதை மோதல் என்பதில் எனக்குத் தடையில்லை. கரடியோ (நான் சொல்வது கறையான் தின்னும் நம் ஊர்க் கரடியை, ஆங்கிலத்தில் sloth bear) ஆளைத் தேடி வருவதில்லை. மத்திய இந்தியாவில் விடியற்காலையில் இருப்பைப் பூப் பொறுக்கக் காட்டுக்குப் போகிறார்கள். கரடிக்கும் அந்தப் பூ பிடிக்கும். இல்லையென்றால் அது புற்றைத் தோண்டிக்கொண்டிருக்கும். மூக்குத் துளைகளை மூடிக்கொண்டு, மேல்வரிசையில் நடு முன்பற்கள் இரண்டும் இல்லாத இடைவெளி வழியே கறையானை உறிஞ்சும். அந்த ஓசை 100 மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். அப்படித் தின்பதில் ஆழ்ந்திருக்கையில் ஆள் நெருங்குவது அதற்குத் தெரிவதில்லை. உண்ணிச்செடிப் புதருக்கு இந்தப் பக்கம் மனிதர், அந்தப் பக்கம் கரடி. சில அடித் தூரத்தில்தான் ஒருவரை ஒருவர் காண்கிறார்கள். புலியும் சிறுத்தையும் உலவும் காட்டிலேயே வழிவழியாக வாழ்ந்த விலங்கு அது. மரமேறித் தப்பலாம் என்றால் சிறுத்தையும் ஏறிவிடும். முதுகில் குட்டி வேறு இருக்கலாம். எனவே நின்று எதிர்ப்பதே அதன் பழக்கம். அடி பெரும்பாலும் மனிதரின் தலையிலும் முகத்திலும் விழுகிறது. பிழைத்தவர்களின் வாழ்க்கையே மாறிப்போகிறது. அந்தத் துயரத்தை நான் சிறிதும் குறைத்துப் பேசவில்லை.

ஆனால் இதில் மூன்று கட்டங்கள் உள்ளன: எதிரே வந்துவிடுவது, பாய்வது, தாக்குவது. முதல் கட்டத்திலேயே கரடி விலகி ஓடிவிடுவதும் உண்டு. மூன்றுக்கும் ‘மோதல்’ என்றே எழுதினால், யாரையும் தொடாமல் ஓடிய கரடியும் மோதிய கரடியாகக் கணக்கில் ஏறும். தீர்வும் திசைமாறும். மோதல் என்றால் வேலி போடு, கூண்டு வை என்று கேட்பார்கள். எதிரெதிரே வந்துவிடுவதுதான் சிக்கல் என்றால், கூட்டமாகப் பேசிக்கொண்டே நட, பாதையோரப் புதரை வெட்டு, இருட்டில் ஒதுங்கப் போகாதிருக்க வீட்டில் கழிப்பறை கட்டிக் கொடு என்று கேட்கத் தோன்றும். உலகில் 20,000-க்கும் குறைவாகவே இருக்கலாம் என்று மதிப்பிடப்படும் விலங்கு இது. பழிவாங்கலாக ஒவ்வொன்று கொல்லப்படுவதும் பெரிய இழப்பு.

அந்த முதல் கட்டத்துக்குத்தான் சொல் வேண்டும்.

> ‘என்கவுன்ட்டர்’ என்றே எழுதிவிடலாமே. எல்லாருக்கும் தெரிந்த சொல்.

தெரிந்த சொல் என்பதுதான் இடர். தமிழ்நாட்டுச் செய்திகளில் அதற்குக் காவல்துறை சுட்டுக் கொல்வது என்றே பொருள். கரடிக்குப் பக்கத்தில் அதை வைக்க எனக்கு மனமில்லை. ‘சந்திப்பு’ என்றால் நேரம் குறித்துப் போய்ப் பார்ப்பதாக ஆகிறது. எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் நடத்துவது மக்கள் சந்திப்பு. ‘எதிர்கொள்ளல்’ என்றால் மாப்பிள்ளையை வரவேற்பதும், துணிந்து முகங்கொடுப்பதும் நினைவுக்கு வருகின்றன. இரண்டிலுமே முன்னறிவு இருக்கிறது.

என் முன்மொழிவு ‘எதிர்ப்பாடு’. ‘வழியில் ஒருவர் எதிர்ப்பட்டார்’ என்கிறோம். அவரும் எண்ணி வரவில்லை, நாமும் எண்ணிப் போகவில்லை. வெளிப்படு, வெளிப்பாடு, உடன்படு, உடன்பாடு, அந்த வழியில் எதிர்ப்படு, எதிர்ப்பாடு. திடீரென நேர்ந்தால் ‘திடீர் எதிர்ப்பாடு’.

> ‘எதிர்ப்பு’ என்று படித்துவிடுவார்களே?

நியாயமான அச்சம், அம்மா. அதனால் பெயர்ச்சொல்லை அட்டவணைக்கும் ஆய்வுப் பகுதிக்கும் வைத்துக்கொண்டு, அறிவுரைப் பகுதியில் வினையாகவே எழுதலாம்: ‘கரடி எதிர்ப்பட்டால் ஓடாதீர்கள்.’ இதே வாக்கியம் எங்கள் மாணவர்களுக்குப் பக்கத்திலேயே பயன்படும். புக்கிட் தீமாவில் நீண்டவால் குரங்கும், மண்டாய்ப் பக்கம் காட்டுப்பன்றியும் எதிர்ப்படுகின்றன. அந்த விலங்குகளும் யாரோடும் மோத வரவில்லை.

அடுத்து, பாய்ந்து வந்து தொடாமல் நின்றுவிடும் பாய்ச்சலுக்கு ‘பொய்ப் பாய்ச்சல்’ வந்திருக்கிறது. வேண்டாம் என்பேன். பொய் என்று படித்த பிள்ளை, அடுத்த பாய்ச்சலும் பொய்தான் என்று நின்றுவிடக்கூடாது. ‘மிரட்டுப் பாய்ச்சல்’ என்றால் விலங்கின் நோக்கமும் புரியும், ஆபத்தும் நீங்கவில்லை என்பது தெரியும்.

கரடியின் பெயர். ‘சோம்பல் கரடி’யைத் தயவுசெய்து விட்டுவிடுவோம். 1791-இல் ஜார்ஜ் ஷா என்ற விலங்கியலாளர் ‘sloth’ (சோம்பல்) எனப்படும் தென்னமெரிக்க மரவிலங்கின் இனம் என்று தவறாகக் கருதி வைத்த பெயரின் மிச்சம் அது. ‘தேன்கரடி’ தமிழ்நாட்டில் சரி. இங்கே மலாய்க்காரர்கள் ‘பெருவாங் மாடு’ (beruang madu), அதாவது தேன்கரடி, என்பது சூரியக் கரடியை. தமிழ்நாட்டுக் காடுகளிலும் இலங்கையிலும் இருப்பது இந்த ஓரினம்தான். தமிழில் வெறும் ‘கரடி’ என்றாலே அது. பிற இனங்களோடு சேர்த்துச் சொல்லும் இடத்தில் மட்டும் ‘கறையான்கரடி’ என்று எழுதலாம். யாழ்ப்பாணத்து அன்பர் தந்த ‘எண்கு’ அழகான பழஞ்சொல், கையேட்டின் ஓரக்குறிப்பில் கட்டாயம் இடம்பெறும்.

‘எதிர்ப்பாடு’, ‘மிரட்டுப் பாய்ச்சல்’ இரண்டுக்கும் மறுப்போ மேம்பட்ட சொல்லோ இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். காட்டோரம் வாழ்கிறவர்கள், குறிப்பாகக் கோத்தகிரி, களக்காடு பக்கத்து அன்பர்கள், உங்கள் ஊரில் இதை எப்படிச் சொல்வார்கள் என்று ஒரு வரி எழுதினாலும் போதும். அந்தச் சொல் என்னுடையதைவிடப் பொருத்தமாக இருந்தால் அதையே ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
சிங்கப்பூரிலிருந்து